சிகரெட்டை விட்டால் பதற்றம் கூடுகிறதே, என்ன செய்வது?

கேள்வி, பிப்ரவரி 3

சிகரெட்டை விட்டு மூன்று நாள் ஆகிறது. நெஞ்சு படபடக்கிறது, விரல் நடுங்குகிறது, யார் பேச வந்தாலும் எரிந்து விழுகிறேன். பிடித்துக்கொண்டிருந்த வரைக்கும் இப்படி இல்லை. எனக்குச் சிறு வயதிலிருந்தே பதற்ற சுபாவம் உண்டு. சிகரெட்தான் அதை அடக்கி வைத்திருந்தது என்று இப்போது புரிகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது மருந்து மாதிரி. உடம்பு கெட்டாலும் மனசாவது நிம்மதியாக இருக்கட்டும், திரும்பப் பிடித்துவிடலாமா?

பதில், பிப்ரவரி 3, இரவு

பிடிக்காதீர்கள். இந்த முடிவை இன்றைக்கு எடுக்க வேண்டாம். ஏனென்றால் இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். ரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் போதும். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு சில மணி நேரத்தில் தவிப்பு தொடங்கும், 2, 3 நாட்களில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் வாழ்க்கை இனி இப்படித்தான் என்று கணக்குப் போடுவதற்கு இருப்பதிலேயே மோசமான நாள் இது.

"அடக்கி வைத்திருந்தது" என்கிறீர்கள். அந்த உணர்வு பொய்யில்லை. புகையோடு போகும் நிகோட்டின் 10, 20 விநாடிகளில் மூளையைத் தொட்டுவிடும். முதல் இழுப்பிலேயே தோள் தளரும். பிடித்த காலத்தில் எனக்கும் தளரும். ஆனால் எந்தப் பதற்றத்தை அது தணிக்கிறது என்று பாருங்கள். தொடர்ந்து பிடிப்பவரின் மூளையில் நிகோட்டின் போய் ஒட்டும் ஏற்பிகள் எண்ணிக்கையில் கூடிவிடுகின்றன. நிகோட்டின் வற்ற வற்ற அவை காலியாகின்றன, உள்ளே ஒரு நமநமப்பு கிளம்புகிறது. அடுத்த சிகரெட் அந்த நமநமப்பை அடக்குகிறது. வட்டிக்காரர் வந்து அந்த மாத வட்டியை வாங்கிக்கொண்டு போனதும் வீட்டில் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதிதான் இது. கடன் கொடுத்தவரும் அவரேதான்.

ஆண்ட்ரூ பாரட் என்ற உளவியலாளர் 1999இல் இதை விரிவாக எழுதினார். புகைப்பவர்களின் சராசரி மன அழுத்தம் புகைக்காதவர்களைவிடச் சற்று அதிகம். சிகரெட் பிடித்ததும் அவர்கள் எட்டுகிற நிலை, புகைக்காதவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற நிலை. அவ்வளவுதான் லாபம்.

பிப்ரவரி 4, காலை

நேற்று காரணம் மட்டும் சொன்னேன். தவிப்பில் இருப்பவருக்குக் காரணம் எதற்கு? செய்ய ஏதாவது வேண்டும்.

ஆசை ஒரே சீராக நாள் முழுக்க நிற்பதில்லை. கிளம்பும், ஏறும், சில நிமிடங்களில் தானாக இறங்கும். அந்தச் சில நிமிடங்களை எப்படிக் கடத்துவது என்பதுதான் வேலையே. சிகரெட் பிடிக்கும்போது நாம் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? வேலையை விட்டு எழுந்து போகிறோம். ஆழமாக இழுக்கிறோம், ஒரு நொடி நிறுத்துகிறோம், உதட்டைக் குவித்து மெல்ல ஊதுகிறோம். வேறு நேரத்தில் அப்படி யார் மூச்சு விடுகிறார்கள்? கிடைத்த அமைதியில் ஒரு பங்கு அந்த மூச்சுடையது. அதைப் புகையில்லாமலே செய்யலாம். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும் வரை வாயால் விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும்.

நான் வேலை பார்த்த இடத்தில் மாடிப்படி திரும்பும் முனையில் ஒரு சன்னல் உண்டு. அங்கேதான் பிடிப்போம். விட்ட பிறகும் அதே நேரத்துக்கு அங்கே போய், சன்னல் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நிற்பேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் உதட்டைக் குவித்து ஊதினால் வட்டமாக ஆவி படியும். அது சுருங்கி மறையும் வரை அடுத்த மூச்சை இழுக்க மாட்டேன். ஏழெட்டு வட்டம் ஆனதும் கீழே இறங்கிவிடலாம் என்று தோன்றும்.

பிப்ரவரி 4, மதியம்

சன்னல் கதையைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: பழைய இடத்துக்கே போனால் ஆசை கூடாதா? நியாயமான கேள்வி. பலருக்குக் கூடும். இடமும் நேரமும் கூட்டாளிகளும் தவிப்பைக் கிளப்பிவிடும். நான் போன நேரத்தில் அங்கே வேறு யாரும் பிடிக்கவில்லை, அதனால் முடிந்தது. அங்கே நாலு பேர் பிடித்துக்கொண்டு நின்றால் முதல் சில வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். எழுந்து போகும் இடைவேளையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிகரெட் போனதோடு அந்த ஐந்து நிமிட ஓய்வும் போய்விட்டது என்றால் சாயங்காலத்துக்குள் யாருக்கும் தலை வெடிக்கும்.

பிப்ரவரி 5

கேள்வி கேட்டவர் இன்று எழுதியதைப் பார்த்தேன். பகலில் பரவாயில்லையாம், ராத்திரி விழிப்பு வந்தால் படபடப்பு தாங்கவில்லையாம். தூக்கம் வராததால் பகலில் காபியைக் கூட்டியிருக்கிறார்.

இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். சிகரெட் புகையில் இருக்கும் தார் என்ற பிசினில் பல்வளைய ஹைட்ரோகார்பன் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. அவை கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதியை முடுக்கிவிடுகின்றன. காஃபீனை உடைத்து வெளியேற்றுவதும் அதே நொதிதான். ஆகவே புகைப்பவரின் உடம்பில் காஃபீன் சீக்கிரம் கழிந்துவிடும். அவர் நாளுக்கு நாலு கோப்பை குடித்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. சிகரெட்டை விட்டதும் சில நாட்களில் நொதியின் வேகம் பழைய நிலைக்கு இறங்குகிறது. கோப்பை அதே கோப்பை, ரத்தத்தில் நிற்கும் காஃபீனோ இரண்டு மடங்குக்குப் பக்கம், சிலருக்கு அதற்கும் மேலே.

காஃபீன் கூடினால் என்ன ஆகும்? நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத பயம். சிகரெட் இல்லாததால் வருகிறது என்று நீங்கள் போட்ட பட்டியலும் இதுதானே? இரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. பழி முழுக்க "விட்டதால்தான்" என்பதன் மேல் விழுகிறது.

எனக்கும் ராத்திரிதான் வரும். இடது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் துடிப்பு காதுக்குள்ளேயே அடிக்கும். புரண்டு படுத்தால் வலது காதில் அடிக்கும். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். இந்த நொதி விவரத்தைச் சொன்னவர் ஒரு மருந்தாளர். காபியைப் பாதியாக்கினேன், மதியத்துக்குப் பிறகு தொடவில்லை. அந்த வாரத்திலேயே காது அமைதியாகிவிட்டது.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், பாதியாக்கினால் போதும். காஃபீனைத் திடீரென்று நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் வரும். ஒரே வாரத்தில் இரண்டையும் சேர்த்து விடுவது எதற்கு? தேநீர், கோலா, ஆற்றல் பானம் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. அதே நொதி சில மருந்துகளையும் உடைக்கிறது. குளோசபின், ஓலன்சபின் போன்ற மனநல மருந்துகளும், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலினும் அந்த வகை. இவற்றைச் சாப்பிடுபவர் சிகரெட்டை விட்டால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும், அளவைக் குறைக்க வேண்டிவரலாம். விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பேட்ச் போட்டுக்கொண்டால் இது வராது என்று நினைக்க வேண்டாம். நொதியை முடுக்குவது புகை. நிகோட்டினுக்கு அதில் பங்கில்லை.

பிப்ரவரி 8

"நிகோட்டினை விடுவதற்கு நிகோட்டினா?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருக்கிறார். கேட்கட்டும். பதற்றக்காரர்களுக்கு பேட்ச் பெரிய துணை என்பதால் பதில் சொல்கிறேன்.

அடிமையாக்குவதில் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. புகையில் விநாடிக் கணக்கில் ஏறி, சீக்கிரம் இறங்கி, அடுத்ததைக் கேட்க வைக்கிறது. பேட்ச் வழியாக மணிக் கணக்கில் மெதுவாக ஏறிச் சமமாக நிற்கிறது. உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை. பள்ளத்தில்தானே பதற்றம் இருக்கிறது? தாரும் கார்பன் மோனாக்சைடும் கிடையாது. நிறையப் பிடித்தவர்கள் 21 மி.கி. பேட்ச்சில் தொடங்கி 14, அப்புறம் 7 என்று இறங்குவார்கள். ராத்திரி விசித்திரக் கனவுகள் வந்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். பேட்ச்சோடு திடீர் ஆசைக்கு நிகோட்டின் சூயிங்கமும் வைத்துக்கொள்வது, ஒன்றை மட்டும் நம்புவதைவிட நன்றாக வேலை செய்கிறது.

சூயிங்கம் விஷயத்தில் ஒன்று. பலர் இதைச் சாதாரண சூயிங்கம் போல் விடாமல் மெல்கிறார்கள். விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல், படபடப்பு எல்லாம் வருகிறது. "பார், இதுவும் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப் போடுகிறார்கள். மெதுவாக மெல்லுங்கள். காரமாக ஒரு சுருக்கென்ற உணர்வு வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். சுருக்கு மறைந்ததும் மறுபடி மெல்லுங்கள், இந்த முறை மறுபக்கம் ஒதுக்குங்கள். அரை மணி நேரம் இப்படியே போகும். நிகோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். விழுங்கினால் வயிற்றைத்தான் கலக்கும். காபி, பழச்சாறு, கோலா போன்ற அமிலப் பானங்களை மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தவிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சரியாக ஏறாது. காலையில் எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடித்தவர்களுக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி.

இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

பிப்ரவரி 11

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் விடுவதா? 2016இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 700 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. இரண்டு பிரிவினருக்கும் பேட்ச் முதலான உதவிகள் இருந்தன. 4 வாரம் கழித்து, ஒரே நாளில் விட்டவர்களில் 49 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதம்.

என் அனுபவமும் அந்தப் பக்கம்தான். குறைக்கிறேன் என்று இறங்கினால் நாள் முழுக்கக் கணக்கு ஓடும். இன்றைக்கு எத்தனை, அடுத்தது எப்போது, மத்தியானத்ததை இப்போதே பிடித்துவிடலாமா? பதற்ற சுபாவம் உள்ளவருக்கு இந்தக் கணக்கே ஒரு பதற்றம். கேள்வியை மூடிவிட்டால் மனசு கொஞ்சம் ஓயும். ஆனாலும் ஒரே நாளில் விட நினைத்தாலே மூச்சு முட்டுகிறது என்பவர் படிப்படியாகவே போகட்டும். விடாமலே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

பிப்ரவரி 12

"நீ திரும்பப் பிடித்தாலும் பரவாயில்லை, எங்களை விட்டுவிடு" என்று வீட்டில் கையெடுத்துக் கும்பிடுகிறார்களாம் ஒருவருக்கு. சிரித்தேன். ஆனால் அது ஆபத்தான வாக்கியம், அதுவே அனுமதிச் சீட்டாகிவிடும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஒரு மாதத்துக்கு நான் கடுகடுவென்று இருப்பேன், உங்கள் மேல் கோபமில்லை, நான் எழுந்து வெளியே போனால் பின்னால் வராதீர்கள். கூடவே, எரிந்து விழுந்ததற்கு அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தக் குற்ற உணர்ச்சி தேங்கினால் மறுநாள் அதுவே சிகரெட்டைக் கேட்கும்.

பிப்ரவரி 19

சிகரெட்டை விட உதவும் வாரெனிக்ளின் மாத்திரை மனநிலையைக் கெடுத்துவிடும் என்ற பயம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் அதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிக் கடுமையான எச்சரிக்கை போடச் சொன்னது. அதன் பிறகு 8,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்தவர்கள். 2016இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. வாரெனிக்ளின், அதே வேலைக்குத் தரும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியான் இரண்டுமே, பேட்ச்சையோ மருந்தில்லாத வெற்று மாத்திரையையோ ஒப்பிட, மனநலப் பக்கவிளைவுகளைக் குறிப்பிடும்படி கூட்டவில்லை. விட்டவர்கள் எண்ணிக்கையில் வாரெனிக்ளின் முதலிடம். அந்த ஆண்டு டிசம்பரில் எச்சரிக்கையும் எடுக்கப்பட்டது.

அதற்காக நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை அது. குமட்டலும் கனவுகளும் வரலாம். புப்ரோபியான் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. யாருக்கு எது என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையோ பதற்ற மாத்திரையோ யாரோ மிச்சம் வைத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். ஒரு பழக்கத்துக்குப் பதில் இன்னொன்று வந்து உட்காரும்.

மார்ச் 3

கேள்வி கேட்டவர் ஒரு மாதம் தாண்டிவிட்டார். கை நடுக்கம் போய்விட்டது, தூக்கம் வருகிறது. ஆனால் பழைய கவலைகள் அப்படியே இருக்கின்றன, "அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே?" என்கிறார்.

பாதி சரி. உங்களுக்கு மூன்று பதற்றம் இருந்தது. நிகோட்டின் இறங்கியதால் வந்தது ஒன்று. அதற்கு விஷயமே இருக்காது. பழைய சிகரெட் நேரத்துக்கு வரும், எதைப் பற்றி என்று கேட்டால் பதில் வராது. காஃபீனால் வந்தது இரண்டாவது. முதலில் உடம்பு துடிக்கும், அப்புறம் மனசு அதற்கொரு காரணத்தைத் தேடும். இவை இரண்டும் போய்விட்டன. மிச்சமிருப்பது உங்கள் சொந்தப் பதற்றம். அதற்கு விஷயம் இருக்கும்: வேலை போய்விடுமோ, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ. சிகரெட் காலத்திலும் அது இருந்தது. மணிக்கு ஒரு தரம் எழுந்து வெளியே போனதால் அதை முகத்துக்கு நேரே பார்க்க நேரவில்லை.

விட்டவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் தொடர்ந்து பிடிப்பவர்களைவிடக் குறைகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2014இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 2021இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 102 ஆய்வுகளைப் பார்த்தது. மனநலச் சிக்கல் உள்ளவர்களிடமும் இதே போக்குதான். ஆனால் இது சராசரி. சிகரெட்டை விட்டதால் பதற்ற நோய் குணமாகிவிடும் என்று நான் யாருக்கும் வாக்குத் தர மாட்டேன்.

என்னுடையது போகவில்லை. உளவியல் ஆலோசகரிடம் போனேன். நடத்தை சார்ந்த பயிற்சிதான் பெரும்பாலும். சாயங்காலம் ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் கவலைக்கென்று ஒதுக்கி, மனசில் ஓடுவதை எழுதச் சொன்னார். எழுதியதில் எதற்கு நான் ஏதாவது செய்ய முடியும், எதற்கு முடியாது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். பகலில் கவலை வந்தால் "சாயங்காலம் வா" என்று தள்ளிப்போட வேண்டும். முதலில் இது என்ன விளையாட்டு என்றுதான் இருந்தது. ஆனால் தள்ளிப்போட ஒரு இடம் கிடைத்ததும் பகல் லேசாயிற்று. இந்தப் பயிற்சியைச் சிகரெட் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். எழுத உட்கார்ந்த இரண்டாம் வரியில் எழுந்து போயிருப்பேன்.

மார்ச் 3, இரவு

சில விஷயங்களுக்கு நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது, இதைத் தனியாகவே எழுதுகிறேன். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி மருத்துவ உதவிக்குப் போங்கள். நெஞ்சில் பாரம் அழுத்தி, கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் "பதற்றம்தான்" என்று மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காராதீர்கள். பல வருடம் புகைத்த நெஞ்சு அது. உடனே மருத்துவமனை.

மார்ச் 20

ஒருவர் ஒரு சிகரெட் பிடித்துவிட்டாராம். "எல்லாம் போச்சு, இனி எதற்கு" என்று எழுதியிருக்கிறார். எதுவும் போகவில்லை. கூடிப்போன ஏற்பிகள் சில வாரங்களில் குறைந்துவந்தன, ஒரு சிகரெட்டில் அவை பழைய இடத்துக்குத் திரும்பிவிடாது. ஒன்றைப் பிடித்தவரைப் பழைய பழக்கத்துக்குக் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் அடுத்து வருகிற "இனி எதற்கு"தான். பெட்டியில் மிச்சம் இருந்தால் இப்போதே தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். அப்புறம் யோசியுங்கள்: அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது? பசியா, சண்டையா, தூக்கமில்லையா, பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தவரா? விடை கிடைத்தால் அடுத்த முறை அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்யலாம். பேட்ச் போட்டிருந்தால் கழற்ற வேண்டாம், தொடருங்கள்.

ஏப்ரல் 6

சூயிங்கத்தை எப்போது நிறுத்துவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வழக்கமான கணக்கு 12 வாரம். முதல் 6 வாரம் 1, 2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று. பதற்றக்காரர்கள் ஒரு கட்டத்தில் கொஞ்சம் அதிகம் தங்க வேண்டியிருந்தால் மருந்தாளரையோ மருத்துவரையோ கேட்டுவிட்டுத் தங்கலாம். அவசரப்பட்டு நிறுத்திச் சிகரெட்டுக்குப் போவதைவிட அது நல்லது. குறைக்கும் வாரத்தில் காபியைக் கூட்டாதீர்கள். வீடு மாறுவது, வேலை மாறுவது போன்றவை அந்த வாரத்தில் வந்தால் குறைப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.